லோட்டஸ் 23பி பந்தயக் காரின் வெபர் கார்புரேட்டர் பழுதுபார்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1962 மே மாதம் நூர்பர்க்ரிங் 1000 கி.மீ. பந்தயத்தில், ஒன்றரை லிட்டர் எஞ்சின் மட்டுமே கொண்ட ஒரு சின்னஞ்சிறு லோட்டஸ் 23, ஈரப் பாதையில் ஃபெராரிகளையும் போர்ஷேக்களையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு முன்னால் ஓடியது. ஓட்டியவர் ஜிம் கிளார்க். எக்ஸாஸ்ட் உடைந்து, புகை ஏறி, தலை சுற்றிப் பாதையை விட்டு இறங்கும்வரை அவரை யாரும் நெருங்கவில்லை. அடுத்த ஆண்டு வந்த 23பி, 1594 சிசி ட்வின்-கேம் (இரட்டைக் கேம் தண்டு) எஞ்சினோடு வந்தது. எல்லா வகையும் சேர்த்து மொத்தம் சுமார் 130 கார்கள்தான் செய்யப்பட்டன. இன்றைக்கும் ஓடுகிற கார்கள் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்கப் பழங்காலப் பந்தயங்களில்தான் தென்படும். இந்தப் பக்கம் அந்த ட்வின்-கேம் எஞ்சினில் பக்கவாட்டில் படுத்திருக்கும் இரண்டு வெபர் டிசிஓஇ கார்புரேட்டர்களைப் பற்றியது. இதே வகை எஞ்சின் உள்ள லோட்டஸ் கோர்ட்டினா, இலான் கார்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

என் காரில் இருப்பது எந்த கார்புரேட்டர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மேல்மூடியில் எண் பொறித்திருக்கும். "40 டிசிஓஇ 18" என்றால், 40 என்பது த்ராட்டில் (மிதிக்கும்போது திறந்து காற்றை விடும் தட்டு) இருக்கும் துளையின் விட்டம் மி.மீ. கணக்கில். டிசிஓஇ என்பது இரட்டைத் துளையுள்ள, படுக்கைவாட்டு வகை. கடைசியில் உள்ள 18 எந்த எஞ்சினுக்காகச் செய்தது என்பதைச் சொல்லும். 40 டிசிஓஇ 18 லோட்டஸ் ட்வின்-கேமுக்காகவே வந்தது. ரேஸுக்குக் கட்டிய எஞ்சின்களில் 45-உம் உண்டு. வண்டி கை மாறிக் கை மாறி வந்ததால், இரண்டு கார்புரேட்டரிலும் ஒரே எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒன்று 18, இன்னொன்று 151 என்று ஜோடி சேராமல் இருந்தால், உள்ளே வழித்துளைகளின் அமைப்பே வேறு. எத்தனை நாள் ட்யூனிங் செய்தாலும் இரண்டும் ஒத்துவராது.

எஞ்சின் திணறுகிறது. உடனே கார்புரேட்டரைக் கழற்றலாமா?

வேண்டாம். கார்புரேட்டர் மேல் போடும் பழியில் பாதி இக்னிஷனுக்கும் வால்வு இடைவெளிக்கும் சேர வேண்டியது. கம்ப்ரெஷன், வால்வு இடைவெளி, பாயின்ட் இடைவெளி, டைமிங், ப்ளக் ஒயர் இவ்வளவும் சரியென்று தெரிந்த பிறகுதான் வெபர் பக்கம் திரும்ப வேண்டும். அப்போதும் ஜெட்டை, அதாவது பெட்ரோலை அளந்து விடும் சிறு பித்தளைத் துளையை, தொடாதீர்கள். இந்தக் காரில் கோளாறு வருகிற வரிசை: பொருத்துமிடத்தில் ஏர் லீக், பெட்ரோல் அழுத்தமும் ஃப்ளோட் (அறையில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை) மட்டமும், ஸ்பிண்டில் (த்ராட்டில் தட்டுகளைச் சுழற்றும் தண்டு), அதன்பிறகுதான் ஜெட். நேற்றுவரை ஒழுங்காக ஓடிய வண்டியில் ஜெட் தானாக அளவு மாறாது, அடைத்துக்கொள்ளும், அவ்வளவே. ஜெட்டை மாற்றி மற்ற கோளாறை மறைக்கப் பார்ப்பதுதான் இந்தக் கார்களில் நடக்கும் மிகப் பெரிய கால விரயம்.

பொருத்துமிடத்தில் ஏர் லீக் என்கிறீர்களே, நட்டை இறுக்கிவிட்டால் போதாதா?

இறுக்கினால்தான் கெடும். சாதாரண கேஸ்கெட் வைத்து முறுக்கும் இணைப்பு அல்ல இது. ட்வின்-கேம் எஞ்சினில் இன்டேக் குழாய்கள் சிலிண்டர் ஹெட்டோடு சேர்த்தே வார்க்கப்பட்டவை, தனி மேனிஃபோல்ட் கிடையாது. ஹெட்டுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே இருபுறமும் ஓ-ரிங் வைத்த தட்டு வரும். ஸ்டட் மேல் இரட்டைச் சுருள் போல இருக்கும் தாக்கரே வாஷர், அதன்மேல் நைலான் பூட்டுள்ள நட். நட்டை இறுக்கும்போது சுருள்களுக்கு நடுவே ஏறத்தாழ 1 மி.மீ. இடைவெளி தெரிகிற இடத்தில் நிறுத்த வேண்டும். சரியாகப் பொருத்திய கார்புரேட்டரைக் கையால் பிடித்து ஆட்டினால் ரப்பர்போல லேசாக அசையும். "ஆடுதே" என்று பதறி யாரோ ஒருவர் ஸ்பேனரை எடுத்து முறுக்கிவிடுவார். சுருள் தட்டையாகிவிடும், ஓ-ரிங் நசுங்கும், எஞ்சினின் அதிர்வு முழுவதும் நேராகப் ஃப்ளோட் அறைக்குள் போய் பெட்ரோல் மோர் கடைந்ததுபோல நுரைக்கும். 6000 ஆர்பிஎம்முக்கு மேல் காரணமே தெரியாமல் மிஸ்ஃபயர் வருவது பெரும்பாலும் இதனால்தான்.

பழைய ஓ-ரிங்கைத் திரும்பப் போடாதீர்கள். கழற்றும் ஒவ்வொரு முறையும் புதிது. தட்டும் ஹெட்டின் முகமும் சமமாக இருக்கிறதா என்று கண்ணாடித் துண்டின் மேல் வைத்துப் பாருங்கள். ஹெட்டின் முகத்தைத் தீட்டும்போது கவனம்: அதைக் கெடுத்துக்கொண்டால் புதுப்பிக்க வேண்டியது ஒரு மேனிஃபோல்ட் அல்ல, முழு ஹெட்.

ஏர் லீக் இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

எஞ்சினைச் சூடாக்கி ஐட்லிங்கில் விடுங்கள். பூவாளிபோல மெல்லிய தூறல் விழும் தண்ணீர் பாட்டிலால், இணைப்புத் தட்டின் ஓரம் முழுக்க ஒரு முறையும், ஸ்பிண்டில் வெளியே வருகிற நான்கு முனைகளிலும் ஒரு முறையும் தெளியுங்கள். எந்த இடத்தில் தெளிக்கும்போது ஐட்லிங் மாறுகிறதோ, அங்கே லீக். எரியும் ஸ்ப்ரேக்களால் இதைச் செய்வோரும் உண்டு. நாங்கள் பரிந்துரைக்கவில்லை: கார்புரேட்டருக்கு மறுபுறம் செக்கச்சிவந்த எக்ஸாஸ்ட், சுற்றிலும் ஃபைபர் கிளாஸ் உடல், பக்கத்தில் பெட்ரோல் டேங்க். தண்ணீரே போதும், ஆனால் வாய் திறந்திருக்கும் ட்ரம்பெட்டுக்குள் (காற்று நுழையும் குழல்) போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கழற்றும் வரிசை என்ன?

பெட்ரோல் பைப்பைக் கழற்றும் முன் பேட்டரி இணைப்பை எடுத்துவிடுங்கள், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். இரண்டு கார்புரேட்டரையும் ஒரே நாளில் பிரித்துக் கலந்துவிடாதீர்கள். ஒன்றை முடித்த பிறகு மற்றொன்று. முதல் வேலை, மேல்மூடியின் நடுவே உள்ள வட்டத் தொப்பியை இறக்கை நட்டைச் சுழற்றிக் கழற்றி, ஜெட்களின் மேல் உள்ள எண்களை எழுதிக்கொள்வது. பெரிய தலையுள்ள இரண்டு தண்டுகளும் மெயின் ஜெட், எமல்ஷன் டியூப் (பெட்ரோலில் காற்றைக் கலக்கும் குழாய்), ஏர் கரெக்டர் (அந்தக் காற்றை அளந்து விடும் ஜெட்) மூன்றும் அடுக்கிய தொகுப்பு. சிறிய தலையுள்ள இரண்டும் ஐடில் ஜெட். பிறகு பெட்ரோல் நுழையுமிடத்தில் அறுகோணத் தொப்பிக்குக் கீழே இருக்கும் வலை ஃபில்டரைப் பாருங்கள். அதில் துரு நிறத் தூள் இருந்தால் டேங்கையும் சுத்தம் செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் இந்த வேலை ஒரு வாரம் தாங்காது.

மேல்மூடிக்கு ஐந்து ஸ்க்ரூ. மூடியை நேராகத் தூக்குங்கள், சாய்த்தால் ஃப்ளோட் கேஸ்கெட்டில் மாட்டி வளையும். ஃப்ளோட் தாங்கும் இரண்டு முளைகளும் மூடியோடு வார்க்கப்பட்டவை, லேசில் ஒடிந்துவிடும். ஃப்ளோட்டின் அச்சு ஊசியைத் தட்டி எடுக்கும்போது முளைக்குப் பின்னால் விரலை அணைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆக்சிலரேட்டர் பம்ப்பின் தண்டு, பம்ப் ஜெட்கள், அவற்றுக்கு அடியில் இருக்கும் குண்டும் எடையும், ஃப்ளோட் அறையின் அடியில் உள்ள இன்லெட் வால்வு எல்லாவற்றையும் தனித்தனிக் கிண்ணத்தில் போடுங்கள். அந்தச் சின்னக் குண்டு தரையில் உருண்டு போவது எல்லார்க்கும் ஒரு முறை நடக்கும். வெள்ளைத் துணியை விரித்து வேலை செய்தால் தேட வேண்டியிருக்காது.

ட்ரம்பெட்டைக் கழற்றி, துணை வெஞ்சுரியையும் அதன் பின்னால் உள்ள சோக்கையும் (காற்று வழியைக் குறுக்கும் வளையம், ஸ்டார்ட் செய்ய இழுக்கும் சோக் அல்ல) வெளியே இழுக்கலாம். வராவிட்டால் வெளியிலிருந்து இருக்கும் செட் ஸ்க்ரூவை இன்னும் தளர்த்தவில்லை என்று அர்த்தம். சுத்தியலை எடுக்காதீர்கள்.

எப்படிச் சுத்தம் செய்வது? கண்ணாடிமணி பிளாஸ்டிங் செய்தால் புதுசுபோல ஆகுமே?

பார்வைக்குப் புதுசுபோல ஆகும், ஓடாது. உடலுக்குள் கோணல்மாணலாகத் துளைத்த வழிகள் இருக்கின்றன, அவற்றின் முனைகளை ஈயக் குண்டுகளால் அடைத்திருப்பார்கள். கண்ணாடி மணி ஒன்று உள்ளே போய்விட்டால் எளிதில் வெளியே வராது, மறுநாள் ஐடில் ஜெட்டில் வந்து உட்காரும்.

அல்ட்ராசோனிக் தொட்டியில், காரம் குறைந்த சோப்புக் கரைசலில், சுமார் 60 டிகிரியில் 15 அல்லது 20 நிமிடம் போதும். காரம் அதிகமானால் அலுமினியம் கறுத்துப்போகும். எடுத்ததும் வெந்நீரில் அலசி, அழுத்தக் காற்றால் ஒவ்வொரு வழியையும் ஊதுங்கள். ஊதினால் போதாது, வழி திறந்ததா என்று உறுதி செய்ய வேண்டும்: ஐடில் ஜெட் இருக்குமிடத்தில் கார்ப் கிளீனரைப் பீய்ச்சினால், பட்டர்ஃப்ளை (த்ராட்டில் தட்டு) விளிம்புக்கு அருகே வரிசையாக இருக்கும் ப்ரொக்ரெஷன் துளைகள் (த்ராட்டில் சற்றுத் திறக்கும்போது பெட்ரோல் தரும் சிறு துளைகள்) ஒவ்வொன்றிலிருந்தும் தனித்தனித் தாரையாக வெளிவர வேண்டும். மூன்று துளையில் இரண்டில் மட்டும் வந்தால், அந்தச் சிலிண்டர் த்ராட்டில் திறக்கும்போது நிச்சயம் இருமும். துளைகள் மேலிருந்து சின்ன மூடி ஸ்க்ரூக்களுக்குக் கீழே தெரியும், அங்கிருந்தும் பார்க்கலாம்.

ஜெட்டின் துளைக்குள் கம்பியை விடவே கூடாது. பித்தளை மிருதுவானது, கம்பி ஒரு கீறல் போட்டாலும் அளவு மாறிவிடும். துடைப்பத்திலிருந்து பிடுங்கிய ஈர்க்குச்சி இதற்கு அற்புதமான கருவி. ஐடில் ஜெட் துளைக்கு அதுவும் தடிமன் என்றால் மெல்லிய நைலான் மீன்பிடி நரம்பு.

பழைய ஜெட்களை நம்பலாமா?

எண் அச்சு சரியாக இருந்தாலும், அறுபது ஆண்டில் யாராவது துளையைப் பெருக்கியிருக்கலாம். ஜெட் மேல் உள்ள எண் நூறில் ஒரு பங்கு மி.மீ. கணக்கு: 115 என்றால் 1.15 மி.மீ. அளவூசி வைத்துச் சோதியுங்கள். 1.15 ஊசி நுழைந்து 1.20 நுழையாவிட்டால் சரி. நான்கு சிலிண்டருக்கும் ஒரே அளவு இருக்கிறதா என்று பார்ப்பது, எண் என்ன என்பதைவிட முக்கியம்.

ஸ்பிண்டிலை வெளியே எடுக்கலாமா, வேண்டாமா?

தேவையில்லாவிட்டால் எடுக்க வேண்டாம் என்பதே எங்கள் கட்சி. டிசிஓஇ-யின் ஸ்பிண்டில் 8 மி.மீ. தண்டு, இரு முனையிலும் பால் பேரிங்கில் சுற்றுகிறது. ஆகவே, வெறும் புஷ்ஷில் ஓடும் கார்புரேட்டர்களைப்போல இது தேய்ந்து ஆடுவது குறைவு. கெடுவது வேறு இரண்டு விதத்தில்.

ஒன்று, பேரிங் துருப்பிடிப்பது. வண்டியை அழுத்தத் தண்ணீரால் கழுவினால் நேராக அங்கேதான் போகும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, தண்டை விரல் நுனியால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். நெய்யில் சுற்றுவதுபோல இருக்க வேண்டும். மணல் உரசுவதுபோல ஒரு கரகரப்பு விரலுக்குத் தெரிந்தால் பேரிங் மாற்ற வேண்டியதுதான்.

இரண்டாவது, தண்டு முறுகிப்போவது. பந்தயத்தில் ஆக்சிலரேட்டரை ஓட்டுபவர் முழு பலத்தோடு மிதிப்பார். பெடலுக்கு அடியில் தடுப்பு இல்லாவிட்டால் அந்த பலம் முழுவதும் தண்டின் மேல் வரும், நெம்புகோல் இருக்கும் பக்கத்துப் பட்டர்ஃப்ளை ஒரு கோணத்திலும் மறுபக்கத்துப் பட்டர்ஃப்ளை வேறு கோணத்திலும் நிற்கும். இருட்டில் பின்னாலிருந்து டார்ச் அடித்து, மூடிய பட்டர்ஃப்ளைகளைப் பாருங்கள். இரண்டு துளையிலும் விளிம்பைச் சுற்றி ஒரே மாதிரி நூல்போன்ற வெளிச்சம் தெரிய வேண்டும். ஒன்று முழு இருட்டு, இன்னொன்றில் பிறை தெரிகிறதென்றால், தண்டு முறுகியது அல்லது பட்டர்ஃப்ளை தவறாக உட்கார்ந்தது. முறுகிய தண்டை நிமிர்த்தப் பார்க்காதீர்கள். புதுத் தண்டு போட்டு, பெடலுக்கு அடியில் முழுத் திறப்பில் நிற்கும்படி தடுப்பு போல்ட்டையும் வையுங்கள். இரண்டாவது வேலையைச் செய்யாமல் முதல் வேலையைச் செய்வது வீண்.

எடுத்தே ஆக வேண்டுமென்றால்: பட்டர்ஃப்ளை ஸ்க்ரூக்களின் பின்முனையைத் தொழிற்சாலையிலேயே அடித்து மலர்த்தியிருப்பார்கள். மலர்ந்த பகுதியை அரத்தால் முழுவதும் தேய்த்த பிறகே கழற்ற வேண்டும், இல்லையேல் தண்டின் மரை பிய்ந்து வரும். பட்டர்ஃப்ளையின் விளிம்பு சாய்வாகச் செதுக்கியது, அதன் மேல் 78 டிகிரி போன்ற கோண எண் இருக்கும். கழற்றும் முன் எந்த முகம் எந்தப் பக்கம், எது எந்தத் துளை என்று குறியிடுங்கள். திருப்பிப் போட்டால் முழுவதும் மூடாது. திரும்பப் பூட்டும்போது ஸ்க்ரூவைத் தளர்வாக விட்டு, தண்டைச் சில முறை சடாரென்று மூடிப் பட்டர்ஃப்ளை தானாக நடுவில் உட்காரவிட்டு, பிறகு இறுக்குங்கள். புது ஸ்க்ரூ, மரைப்பசை, பின்னால் லேசாக மலர்த்தல் மூன்றும் வேண்டும். இந்த ஸ்க்ரூ கழன்று விழுந்தால் போகுமிடம் இன்டேக் வால்வு.

ஃப்ளோட் மட்டம் எவ்வளவு? எப்படி அளப்பது?

பித்தளை ஃப்ளோட் உள்ள 40 டிசிஓஇ 18-க்கு 8.5 மி.மீ. மூடியைச் செங்குத்தாக, ஃப்ளோட் தொங்கும்படி பிடியுங்கள். கேஸ்கெட் மூடியிலேயே இருக்கட்டும். ஃப்ளோட்டின் நாக்கு நீடில் வால்வின் (அறைக்குள் வரும் பெட்ரோலை அடைக்கும் ஊசி) முனையில் உள்ள ஸ்பிரிங் குண்டைத் தொட வேண்டும், ஆனால் அதை உள்ளே அமுக்கக் கூடாது. இந்த நிலையில் கேஸ்கெட்டுக்கும் ஃப்ளோட்டுக்கும் உள்ள தூரம்தான் 8.5. ஸ்கேல் வைத்துக் கண் சுருக்கிப் பார்ப்பதைவிட, 8.5 மி.மீ. ட்ரில் பிட்டின் மழுங்கிய தண்டுப் பகுதியை நடுவே நுழைத்துப் பாருங்கள்: உரசிக்கொண்டு, ஆனால் ஃப்ளோட்டைத் தள்ளாமல் நுழைய வேண்டும். இரண்டு உருளையிலும் ஒரே அளவு வராவிட்டால் ஃப்ளோட் கோணலாகியிருக்கிறது. முழுவதும் கீழே விழும்போது தூரம் 15 மி.மீ. இருக்க வேண்டும். இதைப் பின்பக்கத்துச் சிறு நாக்கை வளைத்துச் சரிசெய்யலாம்.

மற்ற டிசிஓஇ வகைகளுக்கு இந்த அளவு பொருந்தாது. பிளாஸ்டிக் ஃப்ளோட் வந்த பிற்காலத்து 45 டிசிஓஇ 152-க்கு 12 மி.மீ. ஒன்றின் அளவை இன்னொன்றில் வைத்தால் கலவை முழு வரம்பிலும் தப்பாகும், அதை ஜெட்டால் திருத்த முடியாது.

பித்தளை ஃப்ளோட்டை வெந்நீரில் அமுக்குங்கள். குமிழி வந்தால் ஓட்டை. சால்டர் வைத்து அடைக்கலாம்தான், ஆனால் ஃப்ளோட்டின் எடை 26 கிராம் என்று கணக்கிட்டே மட்டம் தரப்பட்டிருக்கிறது. ஒரு கிராம் ஈயம் ஏறினாலும் மட்டம் உயரும். புதிது வாங்குவது மேல்.

பெட்ரோல் ட்ரம்பெட் வழியாக ஒழுகுகிறது.

அழுத்தத்தை அளந்தீர்களா? வெபர் விரும்புவது 2.5 முதல் 3.5 பிஎஸ்ஐ. பந்தயக் கார்களில் பூட்டும் எலக்ட்ரிக் பம்ப்கள் சில இதைவிட இரண்டு மடங்கு தள்ளும், எவ்வளவு நல்ல நீடிலும் அதற்கு முன் நிற்காது. ரெகுலேட்டரும், அதற்குப் பிறகு ஒரு மீட்டரும் பூட்டுங்கள். அழுத்தம் சரியாக இருந்தும் ஒழுகினால் நீடில் இருக்கையில் தூசி, அல்லது மூடியில் நீடில் வால்வின் வாஷர் சரியாக உட்காரவில்லை, அல்லது ஃப்ளோட்டில் ஓட்டை. இந்த மூன்றையும் இந்த வரிசையிலேயே பாருங்கள்.

ஐட்லிங் எப்படி அமைப்பது? இரண்டையும் எப்படிச் சமன் செய்வது?

எஞ்சின் நன்றாகச் சூடாகட்டும். இரண்டு கார்புரேட்டரையும் இணைக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தித் தனித்தனியாக விடுங்கள். ஐடில் வேக ஸ்க்ரூ நெம்புகோலைத் தொட்ட இடத்திலிருந்து அரைச் சுற்று உள்ளே. நான்கு கலவை ஸ்க்ரூக்களையும் மெதுவாக அடிவரை மூடி, ஒரு சுற்று வெளியே. அடியில் இறுக்கிவிடாதீர்கள்: கூர்முனை பள்ளம் விழுந்துவிட்டால் அந்த ஸ்க்ரூவால் நுண்மையாக அமைக்கவே முடியாது.

இப்போது காற்றோட்ட மீட்டரை ஒவ்வொரு ட்ரம்பெட்டிலும் வைத்து, முதல் கார்புரேட்டரின் அளவுக்கு இரண்டாவதைக் கொண்டுவாருங்கள், இணைப்பைப் பூட்டுங்கள். பிறகு ஒவ்வொரு கலவை ஸ்க்ரூவையும் கால் சுற்றுக்கும் குறைவாக மூடியும் திறந்தும், எஞ்சின் மிக வேகமாகவும் சீராகவும் ஓடும் இடத்தில் நிறுத்துங்கள். இங்கேதான் ஐடில் ஜெட் பேசும். பழைய வகையில், அதாவது காற்று பைபாஸ் ஸ்க்ரூ இல்லாத 18 போன்றவற்றில், சரியான இடம் முக்கால் சுற்றுக்கும் ஒன்றேகால் சுற்றுக்கும் நடுவே வர வேண்டும். ஒன்றேகாலுக்கு மேல் திறக்க வேண்டியிருந்தால் ஐடில் ஜெட் சின்னது, முக்காலுக்குக் கீழே என்றால் பெரியது. பைபாஸ் உள்ள 151, 152 வகையில் மரை மெல்லியது, அங்கே இரண்டு முதல் மூன்று சுற்று இயல்பு. இந்த வித்தியாசம் தெரியாமல் ஒன்றின் கணக்கை இன்னொன்றில் போட்டுக் குழம்பியவர்கள் ஏராளம்.

வேக ஸ்க்ரூவை ஒரு முழுச் சுற்றுக்கு மேல் உள்ளே கொடுத்தால்தான் எஞ்சின் நிற்காமல் ஓடுகிறது என்றால், அதோடு திருப்தி அடைந்துவிடாதீர்கள். பட்டர்ஃப்ளை ப்ரொக்ரெஷன் துளைகளைத் தாண்டித் திறந்திருக்கிறது. அடியில் ஏர் லீக்கோ, டைமிங்கோ, சின்ன ஐடில் ஜெட்டோ இருக்கிறது. ஒரே கார்புரேட்டரின் இரண்டு துளைகளும் வேறு வேறு அளவு காட்டினால் ஸ்க்ரூவால் தீராது, மேலே சொன்ன டார்ச் சோதனைக்குத் திரும்புங்கள்.

2500 ஆர்பிஎம் வாக்கில் இழுவையில் ஒரு பள்ளம், கார்புரேட்டர் வழியாகத் துப்புகிறது.

லீன், அதாவது கலவையில் பெட்ரோல் குறைவு. அங்கே இன்னும் மெயின் ஜெட் வேலை செய்யத் தொடங்கவில்லை, ஐடில் ஜெட்தான் ப்ரொக்ரெஷன் துளைகள் வழியே எஞ்சினை ஓட்டுகிறது. பெரும்பாலோர் இங்கே மெயின் ஜெட்டை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், ஒன்றும் நடக்காது. ஐடில் ஜெட்டில் முதல் எண் பெட்ரோல் துளை, எஃப் எழுத்துக்குப் பின்னால் உள்ளது காற்றுத் துளையின் குறியீடு. 50எஃப்8-இல் இருந்து 55எஃப்8-க்குப் போகலாம், அல்லது பெட்ரோல் துளையை மாற்றாமல் 50எஃப்9-க்குப் போகலாம். எஃப்9 எஃப்8-ஐவிட ரிச் (பெட்ரோல் அதிகம்), எஃப்2 லீன். குறியீட்டு எண் பெரிதானால் ரிச் என்று கணக்கு கிடையாது, அந்த வரிசை தாறுமாறானது. திடீரென மிதிக்கும்போது மட்டும் பள்ளம் வந்தால், அது ஆக்சிலரேட்டர் பம்ப். ட்ரம்பெட்டுக்குள் பார்த்துக்கொண்டு, எஞ்சினை நிறுத்திய நிலையில் த்ராட்டிலைத் திறங்கள்: நான்கு தாரையும் உடனே, நேராக, சமமாகப் பாய வேண்டும்.

1594 சிசி ரேஸ் எஞ்சினுக்கு எந்த ஜெட்டிலிருந்து தொடங்குவது?

லோட்டஸ் சாலைக் கார்களுக்கு 40 டிசிஓஇ 18-இல் வந்த அமைப்பு: 30 மி.மீ. சோக், மெயின் 115, ஏர் 200, எமல்ஷன் எஃப்11. ரேஸ் கேம் போட்ட எஞ்சினுக்கு 30 மி.மீ. சோக் கழுத்தை நெரிப்பதுபோல. 33 அல்லது 34 நல்ல தொடக்கம். 40 உடலில் 36-க்கு மேல் போக இடமில்லை, அதற்குமேல் வேண்டுமென்றால் 45 உடல்தான். ஆனால் சோக் பெரிதாகப் பெரிதாக, கீழ் வேகத்தில் காற்றின் ஓட்டம் தளர்ந்து, வளைவிலிருந்து வெளிவரும்போது இழுவை போய்விடும். 23பி எடை குறைந்த கார், அதன் வெற்றியே வளைவில்தான். சோக்கில் பேராசை வேண்டாம்.

சோக் அளவை நான்கால் பெருக்கினால் மெயின் ஜெட் ஏறத்தாழ வரும்: 33-க்கு 130 அல்லது 135. அதோடு 50 கூட்டினால் ஏர் கரெக்டர்: 180 அல்லது 185. எமல்ஷன் டியூபைச் சிலிண்டர் கொள்ளளவை வைத்துத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. அதன்படி ஒரு சிலிண்டர் 398 சிசி என்றால் எஃப்9-ஓ எஃப்16-ஓ வர வேண்டும், எஃப்11 அல்ல. லோட்டஸ் போட்டதோ எஃப்11, அருமையாக ஓடியது. பட்டியலை வேதமாகக் கொள்ள வேண்டாம்.

மெயின் ஜெட் முழு வரம்பையும் மாற்றும், ஏர் கரெக்டர் மேல் வேகத்தைத்தான் அதிகம் தொடும். ஆகவே முதலில் நடு வேகத்துக்கு மெயின், பிறகு உச்சிக்கு ஏர். முழுத் த்ராட்டிலில் காற்று-பெட்ரோல் விகிதம் 12.6-க்கும் 13-க்கும் நடுவே நின்றால் போதும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை எழுதுங்கள்.

பந்தயம் முடிந்து நிறுத்திவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் எடுக்கவே மாட்டேன் என்கிறது.

எஞ்சின் பின்னால், மூடிய உடலுக்குள். நிறுத்தியதும் காற்றோட்டம் நின்று, ஃப்ளோட் அறையில் பெட்ரோல் கொதித்து இன்டேக்கில் வழியும். ஆக்சிலரேட்டரைப் பம்ப் அடிக்காதீர்கள், அது இன்னும் ஊற்றும். பெடலை முழுவதும் மிதித்துப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள், பிடித்ததும் விடுங்கள். நிறுத்தியவுடன் பின்மூடியைத் திறந்து வைப்பது பாதி நோயைத் தீர்க்கும்.

எத்தனால் கலந்த பெட்ரோலால் கெடுமா?

கெடும். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர் குழாய்களையும் ஓ-ரிங்குகளையும் அது உப்பவைக்கும், ஈரத்தை இழுத்து அறையின் அடியில் வெள்ளைப் படிவாக உட்காரவைக்கும். குழாயும் ஓ-ரிங்கும் விட்டான் (எரிபொருளைத் தாங்கும் செயற்கை ரப்பர்) வகையாக மாற்றுங்கள். எத்தனால் குறைந்த சூப்பர் வகையை ஊற்றுங்கள். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவை லீனாகும், முன்பு சரியாக இருந்த மெயின் ஜெட் இப்போது ஒரு படி சின்னதாகத் தோன்றலாம்.

பருவம் முடிந்து வண்டியை நிறுத்தும்போது, பெட்ரோல் பம்ப்பை அணைத்து எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். அதற்குப் பிறகும் அடிக்கிணற்றில் கொஞ்சம் தங்கும். மேல்மூடியைக் கழற்றி ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

புது கார்புரேட்டர் வாங்கிப் போட்டுவிடலாமா?

ஓடுவதற்குப் போதும். வெபரின் உற்பத்தி இத்தாலியின் பொலோஞாவிலிருந்து ஸ்பெயினுக்குப் போய் வெகுகாலம் ஆகிறது. அங்கிருந்து வரும் 151, 152 வகைகள் நல்லவைதான். ஆனால் ப்ரொக்ரெஷன் துளை அமைப்பு 18-உடையது அல்ல, ஆகவே ஜெட் கணக்கைப் புதிதாகத் தொடங்க வேண்டும். பழங்காலப் பந்தயங்களில் ஓட, உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ-வின் வரலாற்றுத் தொழில்நுட்பப் பத்திரம் தேவைப்படும், அதில் கார்புரேட்டரின் வகையும் அளவும் எழுதப்படும். 40 என்று எழுதிய வண்டியில் 45 பூட்டிக்கொண்டு ஆய்வுக்குப் போகாதீர்கள். பொலோஞா அச்சுள்ள பழைய உடலை விற்கவும் எறியவும் வேண்டாம். மரை போனால் இன்செர்ட் போடலாம், ஸ்பிண்டில் துளையைத் திருத்தலாம். முளை ஒடிந்த மேல்மூடியைக்கூடத் தனியாகத் தேடி வாங்கலாம், அதன் மேல் 18 என்ற எண் இருக்கிறதா என்று பார்த்து.